மலையைத் திருப்பிப் போட்டவள்

திருவண்ணாமலைக்காரர்களை எதில் வேண்டுமானாலும் ஏமாற்றலாம். பௌர்ணமியன்று ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, அடுத்த தெருவுக்குப் போக ஊரையே சுற்றிக் காட்டலாம். வேலை வாங்கித் தருகிறேன் என்று கதை விடலாம். (எங்கள் பெரியப்பா ஒரே ஆளிடம் இரண்டு முறை ஏமாந்தார். இரண்டாவது முறை அந்த ஆளுக்கு வீட்டில் சாப்பாடு வேறு.) ஆனால் மலை விஷயத்தில் மட்டும் யாரையும் ஏமாற்ற முடியாது. தினமும் பல் துலக்கும்போது பார்க்கிற மலை. ஒரு படத்தை நீட்டினால், எந்தத் தெருவிலிருந்து எடுத்தது என்று சொல்லிவிடுவார்கள். எடுத்தவன் எந்த டீக்கடை வாசலில் நின்றான் என்பதையும் சேர்த்துச் சொல்வார்கள்.

அப்படிப்பட்ட ஊரில், அந்த மலையை, ஊர்ப் பெரியவர்கள் கூடியிருந்த ஒரு மண்டபத்தில், இவ்வளவு பெரிய திரையில், இடவலம் மாற்றித் திருப்பிப் போட்டுக் காட்டிய ஒரே பிறவி நான்தான். நானும் இதே ஊர்க்காரி என்பது கூடுதல் கேவலம்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. வீடியோ எடிட்டிங்கில் டிப்ளமோ முடித்துவிட்டு, செங்கம் ரோட்டில், வெள்ளைக்காரர்கள் இஞ்சி டீ குடிக்கிற ஒரு கஃபேக்கு மாடியில் சின்ன அறை பிடித்து, வாசலில் என் பெயர் போட்ட போர்டு மாட்டியிருந்தேன். போர்டு என் அறையை விடப் பெரியது. சீமந்தம், காதுகுத்து, யோகா சொல்லிக்கொடுக்கும் ஒரு ஜெர்மன்காரிக்கு விளம்பரப் படம் என்று ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. நினைப்பு மட்டும் தேசிய விருது லெவலில் இருந்தது.

அப்பாவுக்கு இது பிடிக்கவே இல்லை. மலைக்குப் பின்பக்கம், அடி அண்ணாமலையில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம். நிலக்கடலை போடுவார். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் இளநீர் வெட்டுவார். தன் மகள் அரசாங்க நாற்காலியில் உட்கார்ந்து, வருகிறவர்களையெல்லாம் நாளைக்கு வரச் சொல்ல வேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் ஆசை.

"இன்னா வேலை இது? ஊரான் வூட்டுக் கல்யாணத்த உக்காந்து பாத்துனு கீற. அதுக்கு ஒரு படிப்பு," என்பார்.

இந்தச் சமயத்தில்தான் ஏழுமலை என்பவருடைய வேலை வந்தது. அப்பாவுக்குப் பழக்கமானவர். வேங்கிக்காலில் புதிதாகக் கல்யாண மண்டபம் கட்டியிருந்தார். லிஃப்ட், முழுச் சுவருக்கும் கண்ணாடி, மணமேடைக்கு மேலே தோகை விரித்த இரண்டு மயில். திறப்பு விழாவில் போட ஒரு படம் வேண்டும், பிறகு அதையே இணையத்தில் விளம்பரமாகவும் விட வேண்டும் என்றார். என் வாழ்க்கையின் முதல் பெரிய வேலை.

அப்பா அதைக் கேட்டுவிட்டு ஒரு ஒப்பந்தம் போட்டார். "ஏழுமலைண்ணன் வேலைய ஒழுங்கா முடிச்சிட்டன்னா, இனிமே நான் வாயே திறக்கமாட்டேன். சொதப்பிட்டன்னா, ரூமைப் பூட்டிட்டு வேங்கிக்கால் கோச்சிங் கிளாஸ். குரூப் ஃபோர். சரியா?"

"சரி," என்றேன். (சொதப்புவதா, நானா? அந்தத் திமிரை இப்போது நினைத்தாலும் எனக்கே ஓர் அறை விடத் தோன்றுகிறது.)

ஏழுமலை சார் மண்டபத்தைப் படம் எடுக்கவிட்டார், சமையல்கூடத்தைப் படம் எடுக்கவிட்டார், லிஃப்டில் என்னை நாலு தடவை ஏற்றி இறக்கினார். கடைசியில் விஷயத்துக்கு வந்தார். அந்த வாரம்தான் கார்த்திகை தீபம் முடிந்திருந்தது. தீபத்தை நேரலையில் காட்டிய ஒரு டிவியில், கூட்டத்துக்கு நடுவே அவரும் அவர் மனைவியும் தெரிந்திருக்கிறார்கள். குருக்கள் கையிலிருந்து விபூதி வாங்கி நெற்றியில் பூசிக்கொள்கிறார். அதைத் தவிர கோபுரம், மலை, கிரிவலக் கூட்டம் எல்லாம் அம்சமாக வந்திருந்தது.

"அதைத்தாம்மா மெயினா போடணும். மண்டபம்லாம் அப்புறம்."

நான் உடனே தலையாட்டவில்லை. காரணம், அதற்கு முந்தைய மாதம் ஒரு சீமந்த வீடியோவில் யாருடைய பாட்டையோ போட்டு இணையத்தில் ஏற்றியதால், அந்தத் தளத்துக்காரர்கள் காப்பிரைட் என்று சொல்லிச் சத்தத்தையே பிடுங்கிவிட்டார்கள். வளையல் போடுகிறார்கள், சிரிக்கிறார்கள், ஒரு சத்தமும் இல்லை. இன்னொரு தடவை மாட்டினால் என் பக்கத்தையே மூடிவிடுவோம் என்று எச்சரிக்கையும் வந்திருந்தது. என் வேலையெல்லாம் அந்தப் பக்கத்தில்தான் இருந்தது.

"சார், அது டிவிக்காரங்க எடுத்தது. அவங்க பர்மிஷன் இல்லாம விளம்பரத்துல போடக்கூடாதுங்க. காப்பிரைட் பிரச்சினை வரும்."

"எதுக்கு பர்மிஷன்? மூஞ்சி யாருது?"

"உங்களுதுதாங்க."

"பக்கத்துல நிக்கிறது?"

"உங்க வீட்டம்மா."

"மலை?"

"மலை எல்லாருக்கும் பொதுதாங்க. ஆனா படம் அவங்களது."

ஏழுமலை சார் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "என் மூஞ்சிய நான் போட்டுக்கிறதுக்கு மெட்ராஸ்ல எவனையோ கேக்கணுமா? அவன் என் மூஞ்சிய எடுக்கறப்போ என்னைக் கேட்டானா?"

நியாயமான கேள்வி. சட்டப்படி தப்பு, ஆனால் கேட்கும்போது எனக்கே நியாயமாகத்தான் இருந்தது. டிப்ளமோவில் இதற்குப் பதில் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஒழுங்காகத்தான் ஆரம்பித்தேன். டிவி ஆபீஸுக்குப் போன் போட்டேன். ஒரு பெண் ரொம்ப இனிமையாக, "மெயில் அனுப்புங்க மேடம், அதுக்குன்னு ஒரு டீம் இருக்காங்க, பாத்துட்டு சொல்வாங்க," என்றாள். அனுப்பினேன். உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது என்று உடனே பதில் வந்தது. (இன்றைக்கு வரை பரிசீலனையில்தான் உள்ளது.) இங்கே ஏழுமலை சாரோ, மார்கழி பிறப்பதற்குள் மண்டபத்தைத் திறந்தே ஆக வேண்டும் என்று தலைகீழாக நின்றார். மார்கழியில் எவன் மண்டபம் திறப்பான்?

வேறு வழியில்லாமல் என் கிளாஸ்மேட் ஜாவித்துக்குப் போன் போட்டேன். வேலூரில் எடிட்டிங் செய்கிறான். உலகத்தில் அவனுக்குத் தெரியாத குறுக்கு வழி கிடையாது. நேர் வழிதான் ஒன்றும் தெரியாது.

"இன்னா கலை, இதுக்கா இவ்ளோ டென்ஷன்? படத்த மிரர் பண்ணிடு. இடதை வலதா திருப்பிடு. ஸ்பீடு கொஞ்சம் கம்மி பண்ணு, ஜூம் கொஞ்சம் ஜாஸ்தி பண்ணு. தளத்துல செக் பண்றது மனுசன் இல்ல, மெஷின். மெஷினுக்கு அது வேற படம்."

"பார்க்கிறவங்களுக்குத் தெரியாதா?"

"எவன் பாக்கறான்? தீபம் ரவுண்டாதான இருக்கும். ரவுண்டுக்கு ஏது லெப்ட்டு ரைட்டு?"

இந்த வாதத்தில் நான் விழுந்தேன். படத்தைத் திருப்பினேன். மூலையிலிருந்த டிவி முத்திரையின் மேல் மண்டபத்து இரண்டு மயிலையும் உட்கார வைத்தேன். அடியில் ஓடிய செய்தி வரியை மண்டபத்தின் முகவரி போட்ட சிவப்புப் பட்டையால் மூடினேன். பேச்சை எடுத்துவிட்டு, எங்கள் ஊர் நாதஸ்வரக்காரர் ஒருவரை வாசிக்கச் சொல்லிச் சேர்த்தேன். சோதனைக்கு இணையத்தில் ஏற்றிப் பார்த்தேன். ஒரு எச்சரிக்கையும் வரவில்லை. மெஷின் ஏமாந்துவிட்டது. அறைக்குள் தனியாக ஒரு குத்தாட்டமே போட்டேன்.

சரி, அத்தனை தடவை பார்த்த உனக்கு மலை திரும்பியிருப்பது தெரியவில்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். எல்லாரும் கேட்டார்கள். நான் பார்த்ததெல்லாம் மூலையில் மயில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, பட்டைக்குக் கீழே எழுத்து எட்டிப் பார்க்கிறதா என்பதைத்தான். கள்ள வேலை செய்பவனுக்குக் கதவு மட்டும்தானே தெரியும், வீடு தெரியாது. இன்னொரு காரணமும் உண்டு. அடி அண்ணாமலையில் பிறந்தவளுக்கு மலையின் முதுகுதான் பழக்கம். டவுன் பக்கத்து முகம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும், சரி, இவங்க பக்கம் இப்படித்தான் இருக்கும்போல என்று போய்விடுவேன். (இந்தச் சமாதானத்தை இதுவரை ஒருவரும் ஏற்றுக்கொள்ளவில்லை.)

திறப்பு விழா வந்தது. காலையில் ஹோமம், சாயங்காலம் விழா. மணமேடைக்குப் பக்கத்தில் லாரி அளவுக்கு ஒரு திரை. முன்வரிசையில் ஏழுமலை சார் குடும்பம், அவருடைய வருங்காலச் சம்பந்தி வீட்டார், காலையில் ஹோமம் செய்துவிட்டுச் சால்வைக்காகச் சாயங்காலமும் வந்திருந்த குருக்கள். மூன்றாவது வரிசையில் எங்கள் அம்மாவும் அப்பாவும். அப்பா தீபாவளி வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். பக்கத்திலிருந்தவரிடம், "இப்போ போடுவாங்க பாருங்க, நம்ம பொண்ணு பண்ணது," என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. என் வேலையைப் பற்றி அவர் வெளியாளிடம் சொல்லி நான் கேட்டது அதுவே முதல் தடவை.

விளக்கை அணைத்தார்கள். நாதஸ்வரம் எழுந்தது. திரை முழுக்க மலை, உச்சியில் தீபம். "ஆ" என்று கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. போட்ட கை பாதியில் நின்றது.

அப்போதுதான் ஒரு குரல் கேட்டது. "ஏ, நிறுத்து. மலை திரும்பி நிக்குது."

யார் குரல் என்று நினைக்கிறீர்கள்? என்னைப் பெற்றவர் குரல். பின்னால் அவரே சொன்னார், யோசித்துச் சொல்லவில்லையாம், இளநீர்க் கடையில் தப்பான பக்கமாக நடந்து போகிறவர்களைக் கூப்பிட்டுத் திருப்பி விட்டுப் பழக்கமாம். வாய் தானாக வந்துவிட்டதாம்.

அதற்கப்புறம் கூட்டம் சும்மா இருக்குமா?

"ஆமாம்ல. அம்மணியம்மன் கோபுரம் எப்படி தெக்குப் பக்கம் போச்சு?"

"கிரிவலம் பாருங்க. மலைய இடது கைப் பக்கம் வெச்சினு நடக்கறாங்க. எவன்டா இப்படிச் சுத்தறவன்?"

திரையில் ஆயிரக்கணக்கான ஜனங்கள், பக்திப் பரவசமாக, குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு, அண்ணாமலையாரை அப்பட்டமாக இடம் வந்துகொண்டிருந்தார்கள். அதுவும் வேகத்தைக் கம்மி பண்ணியிருந்தேன் அல்லவா, நிதானமாக, ரசித்து ரசித்து இடம் வந்தார்கள். நான் ரிமோட்டைத் தேடினேன். அது ஏழுமலை சார் வீட்டுச் சின்னப் பையன் ஒருவன் கையில் இருந்தது. அவன் தரமாட்டேன் என்றான்.

அடுத்து, விபூதி தரும் குருக்கள் திரையில் வந்தார். முன்வரிசைக் குருக்கள் மெதுவாக எழுந்து நின்றார்.

"ஏழுமலை, நான் மண்டபத் திறப்புக்கு வந்திருக்கேனா, திவசத்துக்கு வந்திருக்கேனா? பூணூலைப் பாருங்கோ. வலது தோள்ல கிடக்கு. பித்ரு காரியத்துக்குத்தான் அப்படிப் போடுவா. கல்யாண மண்டபத்துல இதைப் போட்டா விளங்குமா?"

திவசம் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் சம்பந்தி வீட்டம்மா தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இதற்கு மேல் ஒன்றும் வராது என்று நான் நினைத்தபோதுதான் கதாநாயகன் வந்தார். ஏழுமலை சார், திரை முழுக்க, மெதுவாக, மிக மிக மெதுவாக, இடது கையை நீட்டி விபூதி வாங்கி, இடது கையாலேயே நெற்றியில் பூசிக்கொண்டார். பக்கத்தில் அவர் மனைவி, முந்தானையை வலது தோளில் போட்டுக்கொண்டு.

"என் முந்தானைய ஏங்க மாத்தி வெச்சிருக்காங்க?" என்றார் அந்தம்மா, கணவரிடம். ஏதோ அவர் மாற்றிக் கட்டிவிட்ட மாதிரி.

விளக்கு எரிந்தது. எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. என் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டார்கள். எந்தப் பாவி கொடுத்தான் என்று இன்றுவரை தெரியவில்லை. நான் மைக்கில், ஊர் கேட்க, காப்பிரைட் சட்டத்தை விளக்க ஆரம்பித்தேன். நேரலைப் படத்தின் உரிமை ஒளிபரப்பியவருக்குச் சொந்தம், அனுமதி கேட்டேன், பரிசீலனையில் இருக்கிறது, மெஷின் கண்டுபிடிக்காமல் இருக்க... என்று சொல்லும்போதே, நான் திருடினதை நானே மைக் பிடித்து ஒப்பிக்கிறேன் என்பது உறைத்தது.

"அதாவது, திருடனது தெரியாம இருக்க, என்னை லெப்ட் கைக்காரனா ஆக்கிட்ட," என்றார் ஏழுமலை சார்.

"மெஷினுக்குத் தெரியாதுங்க சார்."

"மெஷினா என் மண்டபத்துல கல்யாணம் பண்ணப் போகுது?"

அப்போது அப்பா எழுந்து முன்னால் வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை.

"மலை இன்னா டிவிக்குள்ளயா கீது? தோ நிக்குது வெளிய. தீபம் கூட இன்னும் எரிஞ்சினு கீது. கேமராவத் தூக்கினு போய் எடுக்க வேண்டியதுதான? அதை ஏன் போய் திருடினு வந்த?"

மண்டபமே கண்ணாடிச் சுவர் பக்கம் திரும்பியது. பதினோரு நாள் எரிகிற தீபம், ஏற்றி ஒரு வாரம்கூட ஆகவில்லை, மலை உச்சியில் நிம்மதியாக எரிந்துகொண்டிருந்தது. என் அறை ஜன்னலிலிருந்தும் அது தெரியும். வெளிச்சம் கண்ணில் படுகிறதென்று திரைச்சீலையை இழுத்து விட்டுவிட்டுத்தான், அதே தீபத்தை நான் டிவியிலிருந்து திருடிக்கொண்டிருந்தேன்.

குருக்கள் மண்டபம் முழுக்கத் தீட்டுக் கழிக்கும் புண்ணியாகத் தண்ணீர் தெளித்தார். எனக்குத் தனியாகக் கொஞ்சம் ஜாஸ்தியாகத் தெளித்தார்.

மறுநாள் சாயங்காலமே பரிகாரம் நடந்தது. எங்கள் நிலத்தில் கிணற்று மேட்டில் ஏழுமலை சாரையும் அவர் மனைவியையும் நிற்க வைத்து, பின்னால் மலையும் தீபமும், ஓரத்தில் எங்கள் பனைமரமும் வருகிற மாதிரி நானே படம் எடுத்தேன். அப்பா உரிமையோடு டைரக்ஷன் செய்தார். "அண்ணா, வலது கை. வலது கைண்ணா. அண்ணி, முந்தானையைக் காட்டுங்க." படம் நன்றாக வந்தது. டிவியில் வந்ததை விட இதில் இளமையாக இருப்பதாக ஏழுமலை சாரே ஒப்புக்கொண்டார். இணையத்தில் விளம்பரமாகப் போனது அதுதான்.

ஆனால் அப்பா ஒப்பந்தத்தை மறக்கவில்லை.

"அதான் சரி பண்ணிக் குடுத்துட்டேனேப்பா."

"ஒழுங்கா முடிக்கணும்னுதான் பேச்சு. முடிச்சிட்டு ஒழுங்கு பண்றது பேச்சு இல்ல."

அறையைப் பூட்டினேன். கட்டிடத்துக்காரர் ஊரில் இல்லாததால் சாவி என்னிடமே தங்கிவிட்டது. வேங்கிக்கால் கோச்சிங் கிளாஸில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, எந்த ஆறு எங்கே கடலில் கலக்கிறது என்று மனப்பாடம் செய்தேன். பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுததும் உண்டு. அப்பா மீது கோபம் இல்லை. என் புத்தி மீதுதான்.

வெயில் காலம் வந்தது. ஒரு சாயங்காலம் அப்பா டிவி முன்னால் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். உள்ளூர் கேபிளில் ஒரு ஜவுளிக்கடை விளம்பரம். மலை, உச்சியில் தீபம், மேலே பட்டுப்புடவைகள் மிதந்து வருகின்றன. அப்பா கடலையைக் கீழே வைத்தார்.

"கலை, இங்க வா. இது நம்ம பனமரம்."

பார்த்தேன். நான் எடுத்த படமேதான். ஏழுமலை சாரை மட்டும் வெட்டிவிட்டிருந்தார்கள்.

"கெணத்துக்கு இந்தப் பக்கம் இருந்த மரம் அந்தப் பக்கம் போயிடுச்சு. எவனோ திருப்பிப் போட்டுட்டான்."

அவ்வளவுதான். சட்டையை மாட்டினார், மொபெட்டை எடுத்தார், பின்னால் என்னை ஏறச் சொன்னார். நான் அப்போதுதான் கோச்சிங் கிளாஸிலிருந்து வந்திருந்தேன், பை தோளிலேயே இருந்தது. நேராக ஜவுளிக்கடை கல்லாவுக்கு முன்னால் போய் நின்றார்.

"யாரைக் கேட்டு இந்தப் படத்தப் போட்டீங்க?"

கடைக்காரர் சிரித்தார். "மலைப் படம்தானுங்க. மலை இன்னா உங்க வீட்டுதா?"

"மலை அண்ணாமலையாருது. பனமரம் என்துது. படம் என் பொண்ணுது."

அவர் பக்கத்தில் நின்றிருந்த நான், துணிக்கடைப் பொம்மை மாதிரி அசையாமல் நின்றேன். அப்பா விடவில்லை. "உங்காளு திருப்பிப் போட்டா தெரியாதுன்னு நெனச்சானா? மெஷினுக்குத்தாங்க தெரியாது. காப்பிரைட்னு ஒண்ணு கீது, தெரியுமா? எங்க பொண்ணு மைக்குலயே சொல்லிச்சு." சேலை பார்த்துக்கொண்டிருந்த பெண்களெல்லாம் திரும்பினார்கள். கடைக்காரர் டீ சொன்னார். டீ வருவதற்குள் மன்னிப்பும் கேட்டார், புது விளம்பரத்தை நானே எடுத்துத் தர முடியுமா என்றும் கேட்டார். அப்பாதான் பதில் சொன்னார். "எடுக்கும். ஆனா ஒழுங்கா கேக்கணும். அதுகிட்ட கேளுங்க."

திரும்பும் வழியில் செங்கம் ரோட்டில் கஃபேக்கு முன்னால் மொபெட் நின்றது. மேலே என் போர்டில் காக்கா எச்சம். அப்பா தலையைத் தூக்கி அதைப் பார்த்தார்.

"சாவி வெச்சிருக்கியா?"

பையில், குரூப் ஃபோர் புத்தகத்துக்கு அடியில் இருந்தது. எடுத்து நீட்டினேன்.

"என்கிட்ட ஏன் தர்ற? போய்த் திற," என்றார்.

இப்போது எனக்குக் கீழே இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். யார் படத்தையும் அனுமதி இல்லாமல் தொடுவதில்லை. ஆனாலும் எந்த வீடியோவும் அப்பா பார்க்காமல் வெளியே போக முடியாது. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, திரைக்கு மூக்கு இடிக்கிற அளவுக்கு வந்து உட்கார்ந்து, அவர் கேட்கிற கேள்வி ஒன்றுதான். அம்மா, சித்தி, அத்தை பிள்ளைகள், ஏன், இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்ட ஏழுமலை சார் முதற்கொண்டு, என்னை எங்கே பார்த்தாலும் கேட்கிற கேள்வியும் அதுதான். போன வாரம் கும்பகோணத்தில் எடுத்த ஒரு காதுகுத்து வீடியோவை முழுக்கப் பார்த்துவிட்டு அப்பா கேட்டார்.

"மலை சரியா கீதா?"

"அப்பா, இது கும்பகோணம். இதுல மலையே இல்ல."

திரையை இன்னொரு தடவை உற்றுப் பார்த்தார்.

"இல்லன்னா சரி. அனுப்பு."